ரெண்டு நோபல் மெடல்

மாப்ள,

எப்படிடா இருக்க. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சுன்னு படிச்சதும்தான் எனக்கு நிம்மதியாச்சு, சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்கு விடச் சொல்லு, அவங்க மறந்துருவாங்க. இங்க எல்லாரும் நல்லாயிருக்கோம். நார்வேல இந்த ட்ரான்ஹைம்ல இப்ப மூணு மணிக்கெல்லாம் இருட்டிருது, ஆபீஸ் விட்டு வெளிய வந்தா ராத்திரி எட்டு மணி மாதிரி இருக்கு. பொண்ணு வயலின் கிளாஸ் சேர்ந்திருக்கா, இங்க ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் பிள்ளைங்களுக்குன்னு ஒரு கலைப்பள்ளி நடத்தியே ஆகணும்னு சட்டமே இருக்கு, வீட்டுல பிராக்டிஸ் பண்றப்ப பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து கதவுகிட்ட நின்னு கேட்டுட்டுப் போறாங்க.

சரி நீ கேட்ட விஷயத்துக்கு வர்றேன். நீ போன லெட்டர்ல, நட் ஹாம்சனோட நாவல், க.நா.சு. தமிழ்ல மொழிபெயர்த்த ‘நிலவளம்’ மறுபடி படிச்சேன், அந்த ஐசக் காட்டுக்குள்ள போயி ஒண்டியா நிலத்தைத் திருத்துற இடத்துல எல்லாம் மனசு என்னமோ பண்ணுச்சு, அந்த நட் ஹாம்சன் ஊர்ல உக்காந்துட்டு நீ அவரைப் பத்தி ஒரு வரி கூட எழுதலையேடான்னு கேட்டிருந்த. நியாயமான கேள்விதான். எனக்கும் அந்த புக்கு உசுருடா, ஹாஸ்டல்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் படிச்சதுதானே. ஆனா இங்க வந்து இவங்க சரித்திரம் கொஞ்சம் தெரிஞ்சதுக்கு அப்புறம் ஹாம்சனை மட்டும் தனியா எடுத்து வச்சுப் பேச எனக்கு வரல. அவர் பக்கத்துல அதே காலத்துல வாழ்ந்த மத்த கலைஞர்களையும் உக்கார வச்சாத்தான் பேச முடியுது. அதனால இந்த லெட்டர் கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்க.

1940 ஏப்ரல் 9ல ஜெர்மன்காரன் நார்வேக்குள்ள வந்துட்டான், 1945 மே 8 வரைக்கும் இருந்தான். அந்த அஞ்சு வருஷம்தான் நான் சொல்ல வர்றது. அந்த நேரத்துல இந்தச் சின்ன நாட்டுல நாவல்ல, ஓவியத்துல, பாட்டுல, நாடகத்துல, நெசவுல உலகத்தரமான ஆளுங்க ஒரே சமயத்துல உசுரோட இருந்தாங்க, ஒவ்வொருத்தரும் என்ன பண்ணாங்கன்னு பாரு.

ஹாம்சன் வறுமையில வளர்ந்தவரு, பெருசா பள்ளிப்படிப்பு கிடையாது, 1890ல ‘பசி’ எழுதி ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வச்சவரு. 1917ல நிலவளம், 1920ல நோபல். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஜெர்மன்காரனுக்கு ஆதரவா பேப்பர்ல எழுதினாரு, 1943ல தன்னோட நோபல் மெடலை ஹிட்லரோட பிரச்சார மந்திரி கோயபல்ஸுக்கு பரிசா அனுப்பி வச்சாரு. கோயபல்ஸுக்குடா! அதே வருஷம் ஹிட்லரையும் நேர்ல போயிப் பார்த்தாரு, அங்க போனப்ப நார்வேயை ஆண்ட டெர்போவன்ங்கிற நாஜி அதிகாரி மோசம், அவனை மாத்துங்கன்னு முகத்துக்கு நேரா சொல்லி ஹிட்லரைக் கோவப்பட வச்சிருக்காரு, மரண தண்டனை விதிச்ச நார்வேக்காரங்க உசுருக்காகவும் தந்தி மேல தந்தி அடிச்சிருக்காரு, அதையும் சொல்லணும்ல. ஆனா எல்லாம் முடிஞ்சு ஹிட்லர் செத்ததும் 1945 மே 7ஆம் தேதி ஆஃப்டன்போஸ்டன் பேப்பர்ல அவனைப் புகழ்ந்து இரங்கல் எழுதினாரு. மறுநாள் நாடு விடுதலை ஆகுது. அந்த வயசுல, தோத்துட்டாங்கன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் எதுக்கு எழுதணும், யாரும் கட்டாயப்படுத்தல. கடைசில மனநிலை பரிசோதனை பண்ணி மூளை தளர்ந்து போச்சுன்னு டாக்டருங்க எழுதிக் குடுத்தாங்க, ஜெயில் இல்ல, 1948ல சொத்தே கரையற அளவுக்கு அபராதம். அடுத்த வருஷம் தன்னோட 90 வயசுல அந்த விசாரணை நாட்களைப் பத்தியே ஒரு புக்கு எழுதினாரு, அதைப் படிச்ச யாரும் இது மூளை தளர்ந்தவன் எழுத்துன்னு சொல்ல மாட்டாங்க, அவ்வளவு தெளிவு. அதனாலதான் எனக்கு இன்னும் ஜாஸ்தி கஷ்டமா இருக்கு.

இப்ப இன்னொரு மெடல் கதை கேளு. சிக்ரிட் உண்ட்செட். நீ படிச்சிருக்க மாட்டேன்னு நினைக்கிறேன், கண்டிப்பா படிக்கணும். அப்பா சீக்கிரமே செத்துப் போயிட்டாரு, பதினாறு வயசுலயே ஆபீஸ்ல செக்ரட்டரி வேலைக்குப் போயி பத்து வருஷம் பகல்ல டைப் அடிச்சுட்டு ராத்திரில எழுதினவங்க. 1920லேர்ந்து 22க்குள்ள மூணு பாகமா ‘கிறிஸ்டின் லாவ்ரன்ஸ்டாட்டர்’னு ஒரு நாவல், பதினாலாம் நூற்றாண்டு நார்வேல ஒரு பொண்ணோட மொத்த வாழ்க்கை, அப்பா பேச்சை மீறிக் கல்யாணம், பிள்ளைங்க, நிலபுலன், பாவ பயம், பிளேக் நோய் வரைக்கும். 1928ல நோபல். அந்தப் பணத்தையும் தானமாக் குடுத்துட்டாங்க, அதுல ஒரு பங்கு மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்க இருக்குற குடும்பங்களுக்கு, ஏன்னா அவங்க பொண்ணும் அப்படித்தான். 1940 ஆரம்பத்துல ரஷ்யாக்காரன் ஃபின்லாந்து மேல குண்டு போட்டுட்டு இருந்தப்ப நோபல் மெடலை ஃபின்லாந்து நிவாரண நிதிக்குக் கொடுத்துட்டாங்க. ஹாம்சன் மெடல் எங்க போச்சு, இவங்க மெடல் எங்க போச்சு பாரு, இதைத்தான் நான் மனசுல போட்டு உருட்டிக்கிட்டே இருக்கேன்.

ஹிட்லரை ஆரம்பத்துலேர்ந்தே எதிர்த்து எழுதினதால ஜெர்மன்காரன் வந்தா இவங்களை விட மாட்டான்னு எல்லாருக்கும் தெரியும், லில்லஹாமர் வீட்டை அப்படியே விட்டுட்டு ஸ்வீடனுக்குத் தப்பிச்சுப் போனாங்க. அந்த ஏப்ரல்லயே மூத்த பையன் சண்டைல செத்துப் போயிட்டான், வீட்டுலேர்ந்து ரொம்ப தூரம் கூட இல்லாத இடத்துல. பொண்ணு அதுக்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தா. மிச்சம் இருந்த ஒரே பையனோட ரஷ்யா வழியா ரயில்ல போயி ஜப்பான், அங்கேர்ந்து கப்பல்ல அமெரிக்கா. அங்க அஞ்சு வருஷமும் நார்வேக்காக எழுதறதும் பேசறதும்தான் வேலை. 1945ல திரும்பி வந்தாங்க, 1949ல போயிட்டாங்க.

ஓவியர் எட்வர்ட் மங்க் பத்தி உனக்குத் தெரியும், அந்த அலறல் படம் இல்லாத காபி மக்கே கிடையாது. அஞ்சு வயசுல அம்மாவைக் காசநோய்க்குக் குடுத்தவரு, அப்புறம் அக்காவையும் அதே நோய் கொண்டு போச்சு. எனக்கு அலறலை விட அந்த அக்கா நினைப்புல வரைஞ்ச ‘நோயுற்ற குழந்தை’தான் பெருசு, அதையே நாற்பது வருஷத்துல ஆறு தடவை திரும்பத் திரும்ப பெயிண்ட் பண்ணியிருக்காரு. ஓஸ்லோல அந்த முதல் கேன்வாஸ்கிட்ட போயி நின்னா தெரியும், பெயிண்டைப் பூசி, சுரண்டி, திருப்பிப் பூசி, கேன்வாஸ் முழுக்க கீறலா இருக்கும், அந்தப் பொண்ணோட முகம் அதுக்குள்ளேர்ந்து வெளிறிப் போயித் தெரியும். ஜெர்மன் மியூசியங்கள்லேர்ந்து இவரோட 82 படத்தை சீரழிஞ்ச கலைன்னு முத்திரை குத்தி 1937ல நாஜிக்கள் எடுத்துட்டாங்க, அப்புறம் நார்வேக்கு வந்து அவங்க கலை அமைப்புல சேருங்கன்னு இவரையே கூப்பிட்டா சேருவாரா, மாட்டேன்னுட்டாரு. மொத்தப் படத்தையும் ஓஸ்லோ நகரத்துக்கு உயில் எழுதி வச்சுட்டு வீட்டோட இருந்தாரு. 1943 டிசம்பர்ல துறைமுகத்துல வெடிமருந்து வெடிச்சு வீட்டு ஜன்னல் கண்ணாடி எல்லாம் போச்சு, குளிர்ல நெஞ்சு சளி பிடிச்சு ஜனவரில இறந்துட்டாரு. கடைசில அவர் சவ ஊர்வலத்தை நாஜிக்களே எடுத்து நடத்தி ஸ்வஸ்திகா மலர்வளையம் வச்சாங்க. உசுரோட இருக்கும்போது கிடைக்காத ஆளைப் பொணமா எடுத்துக்கிட்டாங்க, எனக்கு வயிறு எரியுதுடா.

நாடகக்காரங்க பண்ணினதும் சின்ன விஷயம் இல்ல. நாஜி ரேடியோல நடிக்க மாட்டோம்னு சொன்ன நடிகர்களோட லைசென்ஸைப் பிடுங்கினதும் 1941 மே மாசம் ஓஸ்லோ, பெர்கன், ட்ரான்ஹைம்னு தியேட்டரே ஸ்ட்ரைக்ல இறங்கிருச்சு, மரண தண்டனைன்னு மிரட்டி, ஆளுங்களைப் பிடிச்சு உள்ள போட்டு, அதுக்கப்புறம்தான் அடங்குச்சு. அடுத்த வருஷம் எங்க ஊர்லயே நடந்தது. 1942 அக்டோபர் 6ல இங்க எமர்ஜென்சி போட்டு, நாசவேலைக்குப் பழின்னு சொல்லி ஊர்ல பேர் பெற்ற பத்து பேரைப் பிடிச்சு சுட்டுட்டாங்க, அதுல ஒருத்தர் ஹென்ரி க்ளெடிட்ச், இங்க ட்ரோண்டலாக் தியேட்டரோட டைரக்டர், மேடைலயே நாஜிக்களை நக்கலடிச்சவரு. அந்தத் தியேட்டரோட பழைய மேடை 1816லேர்ந்து இருக்கு, நான் அது வழியா வாரத்துல பாதி நாள் நடந்து போறேன்.

இப்பதான் நான் ஆசைப்பட்டு எழுத வந்த ஆளு வர்றாங்க. ஹன்னா ரிக்கென். உங்க அப்பா தறியில உக்காந்தவரு, அதனால உனக்கு மத்தவங்களை விட இது நல்லாப் புரியும். ஸ்வீடன்ல பொறந்து, நார்வே ஓவியர் ஒருத்தரைக் கட்டிக்கிட்டு, இங்கேர்ந்து ஃபியோர்டு முகத்துல, அதாவது நிலத்துக்குள்ள நீளமா நுழையற கடலோட வாசல்ல இருக்குற ஓர்லாண்டுல கரண்ட் இல்லாத ஒரு சின்னப் பண்ணைல வாழ்ந்தவங்க. தறி புருஷன் செஞ்சு குடுத்தது. கம்பளி அவங்க வளர்த்த ஆடு. சாயம் எல்லாம் பாசி, மரப்பட்டை, செடி. நீலத்துக்கு மட்டும் இண்டிகோவைப் பழைய மூத்திரத்துல ஊற வைக்கணும், அதுக்கு வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்ககிட்ட எல்லாம் வாளியைக் காட்டிக் கேட்டு வாங்குவாங்களாம். முக்கியமான விஷயம், வரைபடம், டிசைன் அட்டை எதுவும் கிடையாது மாப்ள, நேரா தறியிலயே, கீழேர்ந்து மேல, மனசுல இருக்குற படத்தை அப்படியே நெய்ஞ்சுட்டே போறது. ஆள் உயரத்துக்கு மேல இருக்குற படம்டா. உங்க அப்பாகிட்ட சொல்லிப் பாரு, நம்ப மாட்டாரு.

நெய்ஞ்சது பூவும் மானும் இல்ல. பேப்பர்ல, ரேடியோல வர்ற செய்தி. முசோலினி எத்தியோப்பியா மேல படையெடுத்ததும் 1935ல ‘எத்தியோப்பியா’ன்னு ஒண்ணு, அதுல முசோலினி தலையை ஒருத்தன் ஈட்டியால குத்தியிருப்பான். பிக்காசோவோட குயெர்னிக்கா ஓவியம் வச்ச அதே 1937 பாரிஸ் கண்காட்சில நார்வே அரங்குல இதைத் தொங்கவிட்டாங்க, ஆனா அந்தத் தலை இருக்குற பகுதியை மறைச்சுட்டாங்க, இத்தாலிக்காரன் கோச்சுக்குவான்னு பயம். அப்புறம் ஜெர்மன்காரன் ஓர்லாண்டுலயே வந்து விமானதளம் கட்டறான், கைதிங்களை வச்சு வேலை வாங்கறான், இவங்க பண்ணைக்குப் பக்கத்துலயே. அந்த நேரத்துலதான் க்ளெடிட்சைக் கொன்னதைப் பத்தி ‘6 அக்டோபர் 1942’ நெய்யறாங்க. ஒரு பக்கம் ஹிட்லர் அந்தரத்துல பறந்துட்டே சுடறான், க்ளெடிட்ச் பொண்டாட்டி கைல சாயறாரு, இன்னொரு பக்கம் கோட்டைக்குள்ள சர்ச்சில், கூடவே ஒரு படகுல ஹன்னாவும் குடும்பமும். யாராவது ஒரு சிப்பாய் உள்ள வந்து பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும். 1944ல புருஷனைப் பிடிச்சு க்ரீனி முகாம்ல போட்டாங்க, அப்பவும் நிறுத்தல. ட்ரான்ஹைம் மியூசியத்துக்குச் சொந்தமான அதை நான் கிட்ட நின்னு பார்த்திருக்கேன், ஹிட்லர் மூஞ்சி கிட்டத்துல வெறும் நூல்தான், ஒரு சாம்பலும் ஒரு மங்கின பச்சையும், ரெண்டு அடி பின்னால போனாத்தான் முகமாகுது.

1958ல அரசாங்க ஆபீஸ் கட்டடத்துக்குன்னு ‘நாம ஒரு நட்சத்திரத்துல வாழறோம்’னு ஒண்ணு நெய்ஞ்சாங்க. 2011 ஜூலை 22ல ஓஸ்லோல குண்டு வெடிச்சுதே, அந்தக் கட்டடம்தான், அது கீழ்ப்பக்கம் கிழிஞ்சு போச்சு, அப்புறம் தைச்சு சரி பண்ணாங்க.

எல்லாரும் இப்படி கருப்பு வெள்ளையாவும் இல்ல. பாட்டுல கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட்னு ஒரு மகாக் குரல், 1935ல நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபெராவுல வாக்னரோட இசை நாடகம் பாடி ஒரே ராத்திரில உலகப் புகழ். 1941ல அமெரிக்காவை விட்டுட்டு, ஆக்கிரமிப்புல இருக்குற நார்வேக்கே திரும்பி வந்துட்டாங்க, புருஷன் இங்க இருக்காருன்னு. புருஷன் நாஜி கட்சில உறுப்பினரா இருந்த மர வியாபாரி. ஆனா இவங்க ஜெர்மன்காரனுக்காகப் பாடல, ஸ்வீடன், சுவிட்சர்லாந்துன்னு நடுநிலை நாட்டுல மட்டும்தான் பாடினாங்க. இருந்தும் போர் முடிஞ்சு அமெரிக்கா போனா ஹால் வாசல்ல மறியல், உள்ள நாத்தக் குண்டு. அது அநியாயம்னுதான் எனக்குப் படுது. புருஷனோட இருக்கணும்னு வந்ததுக்கும் கோயபல்ஸுக்கு மெடல் குடுத்ததுக்கும் ஒரே தண்டனையா. 1950ல லண்டன்ல ஸ்ட்ராஸோட கடைசி நாலு பாட்டை முதமுதல்ல மேடைல பாடினது இவங்கதான், 1958ல நார்வே ஓபெராவுக்கு முதல் டைரக்டரும் இவங்கதான்.

இதுக்கெல்லாம் முன்னாடியே 1899ல இசையமைப்பாளர் எட்வர்ட் க்ரீக்கைப் பாரிஸ்ல கச்சேரிக்குக் கூப்பிட்டப்ப, ட்ரைஃபஸ்னு ஒரு யூத அதிகாரிக்கு அநியாயமாத் தீர்ப்பு சொன்ன நாட்டுக்கு நான் வரலன்னு எழுதிட்டாரு, வண்டி வண்டியா வசவுக் கடிதம் வந்துச்சு. 1903ல போனப்ப ஹால்ல விசில் அடிச்சுக் கூச்சல் போட்டாங்க, அடங்கற வரைக்கும் காத்திருந்து அப்புறம் நடத்தினாரு. இவரைப் பத்தி இன்னும் நிறைய இருக்கு, கோடைல பெர்கன் போயி அவர் வீட்டைப் பார்த்துட்டுத் தனியா எழுதறேன். எழுத்தாளர் யூன் ஃபோஸே பத்தியும் கேட்டிருந்த, 2023 இலக்கிய நோபல், அதுக்கு இந்த லெட்டர்ல இடமில்ல.

நீ கேட்டதுக்கு என் பதில் இதுதான். நிலவளத்தை நான் தூக்கிப் போடல, நீயும் போடாத, அந்த எழுத்து நிஜம். ஆனா பெரிய கலைஞன்னா மன்னிச்சுரலாம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், ஏன்னா அதே நாட்டுல அதே வருஷத்துல உண்ட்செட் இருந்தாங்க, ஒரு ஆட்டுப்பண்ணைல ஹன்னா இருந்தாங்க, அவங்களுக்கும் பயம் இருந்துச்சு. நீ என்ன நினைக்கிறன்னு எழுது, சண்டை போட்டாலும் பரவால்ல.

ஜனவரில இங்கேர்ந்து ஒரு பையன் ஊருக்கு வர்றான், அவன்கிட்ட கிறிஸ்டின் மூணு பாகமும் ஒண்ணாப் போட்ட இங்கிலீஷ் புக்கைக் குடுத்து விடறேன், டீனா நன்னலி பண்ணினது, நல்ல மொழிபெயர்ப்பு. ஆயிரம் பக்கத்துக்கு மேல இருக்குன்னு மிரளாத. உன் வீட்டம்மாவுக்குத்தான் முதல்ல பிடிக்கும்னு தோணுது, அவங்க படிக்கட்டும், நீ அப்புறம் வாங்கிக்க. பையனோட ஃப்ளைட் தேதி தெரிஞ்சதும் சொல்றேன்.

உன் பழைய ரூம்மேட்