45 நாள் கழித்துத் தெரிந்து என்ன பயன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க எம்.பி.க்களின் பங்கு வர்த்தகம் பற்றிய செய்தியைப் படித்து மனம் கொதித்தது. 2012-இல் ஒபாமா கையெழுத்திட்ட 'ஸ்டாக்' சட்டப்படி, 1,000 டாலருக்கு மேற்பட்ட பங்கு வாங்கல், விற்றலை அவர்கள் 45 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் முதல் முறை அபராதம் வெறும் 200 டாலர்!

2020 பிப்ரவரி 13 அன்று, கொரோனா பீதியில் சந்தை சரிவதற்குச் சில நாட்கள் முன், உளவுத் துறையைக் கண்காணிக்கும் செனட் (மேலவை) குழுவின் அன்றைய தலைவர் ரிச்சர்ட் பர் ஹோட்டல் பங்குகள் உட்பட 33 பரிவர்த்தனைகளில் விற்றுத் தள்ளினார். பதவியால் கிடைத்த ரகசியத் தகவலை வைத்து விற்றாரா என்ற சந்தேகம் எழுந்தது. வெளிவந்த செய்திகளைப் பார்த்தே விற்றதாக அவர் சொன்னார். விசாரணை வழக்கில்லாமல் முடிந்தது. சரி, அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். ஒரு மசோதாவை ஆராயும் குழுவில் இருப்பவர், அதனால் லாப நஷ்டம் அடையும் நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பதை அந்த 'ஸ்டாக்' சட்டம் தடுக்கவே இல்லையே!

என் மகள் இங்கே ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். காலாண்டு முடிந்ததும் 'வர்த்தகச் சாளரம் மூடல்' என்று மின்னஞ்சல் வந்துவிடும். முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை சொந்த நிறுவனப் பங்கைத் தொட முடியாது. மாதச் சம்பளக்காரிக்கு உள்ள கட்டுப்பாடு சட்டம் இயற்றுபவருக்கு வேண்டாமா?

எம்.பி.க்கள் தனித்தனி நிறுவனப் பங்குகளை வாங்கி விற்பதையே தடை செய்ய இரு கட்சியினரும் அங்கே மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். அது நிறைவேற வேண்டும். பல நிறுவனப் பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் பரஸ்பர நிதியில் (மியூச்சுவல் ஃபண்ட்) போட்டுக்கொள்ளட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. அப்புறம், கணவன் அல்லது மனைவி பெயரில் இருக்கும் கணக்கையும் அந்தத் தடையில் சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகர், கோவை