எம்.பி.ஏ. மாணவர்களும் கோடைக்காலப் பயிற்சியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எம்.பி.ஏ. முடித்து வருகிறவர்களுக்கு வேலை தெரியவில்லை என்று தொழில்முனைவோர் மேடைதோறும் குறைப்படுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் வேலையைக் கற்றுக்கொள்ள எங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பான கோடைக்காலப் பயிற்சி எந்த அழகில் நடக்கிறது என்பதை, கொங்கு வட்டாரக் கல்லூரி ஒன்றில் இரண்டாமாண்டு படிக்கும் மாணவியாகச் சொல்ல விரும்புகிறேன்.

டான்செட் நுழைவுத் தேர்வு எழுதிக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தேன். பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்த எனக்கு, வாரம் இரண்டு முறையாவது வகுப்பின் முன் நின்று ஆங்கிலத்தில் பேசுவது முதல் பருவத்தில் பெரும்பாடாக இருந்தது. இரவில் ஸ்லைடுகளை முடித்துவிட்டு, காலைப் பேருந்தில் கம்பியைப் பிடித்தபடி அவற்றை முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைத்தார்களோ! அந்தச் சிரமம் பலன் தந்தது என்பதால் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இரண்டாம் பருவம் முடிந்ததும் வரும் நான்கு வாரப் பயிற்சிதான் வீணாகிறது. நிறுவனத்தை நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு கல்லூரியின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. தெரிந்தவரிடம் சான்றிதழ் வாங்கி, பழைய அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி, ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டுக் கொடுத்தவர்கள் என் வகுப்பிலேயே பலர். 120 தொழிலாளர்களிடம் கேட்டதாகச் சொல்லப்பட்ட வினாத்தாள்களை, விடுதி அறையில் நான்கு பேர் ஒரே இரவில் பேனாவை மாற்றி மாற்றி நிரப்பியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த அறிக்கைக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

உறவினர் ஒருவர் சொல்லி வைத்ததால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் எனக்கு இடம் கிடைத்தது. மூன்றாம் நாளே அங்கிருந்த கணக்காளர் அண்ணன், "நிட்டிங்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் 45 நாளில் பணம் கொடுக்கணும், நம்ம பையர் 90 நாள் கழிச்சுத்தான் அனுப்புவான், இடையில என்ன பண்ணுவ?" என்று கேட்டார். குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை உரிய காலத்துக்குள் செலுத்தாவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்கலாம் என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையென்றால் அந்தக் காலம் 15 நாள்தான். நடைமுறை மூலதனம் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய நான் பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு அவரே பில்களைத் தேதிவாரியாக அடுக்கிக் காட்டி, எதை முதலில் தீர்ப்பது, எதற்கு வங்கியில் பேக்கிங் கிரெடிட் (சரக்கை ஏற்றுமதி செய்யும் முன் வாங்கும் கடன்) எடுப்பது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

திருப்பூர், கரூர், நாமக்கல், சிவகாசி என்று தமிழ்நாட்டில் இத்தனை தொழில்நகரங்கள் இருக்கும்போது, அங்குள்ள சங்கங்களோடு பேசி மாணவர்களை அனுப்புவதைக் கல்லூரிகளே ஏற்க வேண்டும். வழிகாட்டும் பேராசிரியர் ஒருமுறையாவது பயிற்சி நடக்கும் இடத்துக்கு நேரில் வரட்டும். வாய்மொழித் தேர்வில் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரும் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். விடுதி அறையில் எழுதிய அறிக்கை அவர் முன்னால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. பேருந்துக் கட்டணத்துக்காவது ஒரு சிறு தொகையை நிறுவனங்கள் கொடுத்தால், வசதியில்லாதவர்களும் நான்கு வாரமும் முழுதாகப் போய்வருவார்கள்.

இப்படிக்கு,
எம்.பி.ஏ. இரண்டாமாண்டு மாணவி,
அவிநாசி.