குமரி மாவட்ட ஸ்கேன் மையங்களுக்கு: முதல் படத்தை அழித்துவிடாதீர்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மையம் நடத்துகிறவர்களுக்கும், அங்கே ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜி டாக்டர்களுக்கும், மெஷினில் வேலை பார்க்கும் டெக்னீஷியன்களுக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுப்பது நம் ஊரில் இன்று புதிய விஷயம் இல்லை. கட்டி சுருங்கினால் மார்பகம் முழுவதையும் எடுக்காமல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. எந்த மருந்துக்குக் கட்டி மசிகிறது, எதற்கு மசியவில்லை என்பதும் வழியிலேயே தெரிந்துவிடும். இதற்காகக் கீமோ தொடங்கும் முன் ஒரு எம்.ஆர்.ஐ., நடுவில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தப் படங்களை ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்க்க முடியாவிட்டால் செலவழித்த பணத்துக்குப் பாதிப் பயன்கூட இல்லை. நான் டாக்டர் அல்ல, மருத்துவப் படங்களைக் கையாளும் மென்பொருள் வேலையில் இருப்பவன். பொருத்துவது எவ்வளவு சள்ளை பிடித்த வேலை என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

தலையை ஸ்கேன் எடுத்தால் மண்டையோடு இருக்கிறது. மாதங்கள் கழித்து எடுத்த படத்தையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நகர்த்தினால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். மார்பகம் அப்படி இல்லை. குப்புறப் படுக்க வைத்து, மார்பகங்கள் காயிலின் (சிக்னலைப் பிடிக்கும் கருவி) குழிக்குள் தொங்கும்படி எடுக்கிறீர்கள். அடுத்த முறை அந்த அம்மா இரண்டு விரற்கடை தள்ளிப் படுத்தாலே உள்ளே கொழுப்பும் சுரப்பித் திசுவும் வேறு வடிவத்துக்குப் போய்விடும். சிகிச்சையில் உடம்பு பூசினாலோ மெலிந்தாலோ அது வேறு. மாதவிடாய் நிற்காதவர்களுக்கு, எந்த வாரத்தில் எடுத்தோம் என்பதைப் பொறுத்துச் சாதாரணத் திசுவே பளிச்சென்று தெரியும் அளவு மாறும். போன படத்தின் 60-ஆவது ஸ்லைஸும் (மார்பகத்தைச் சீவியது போன்ற ஒரு படத்துண்டு) இந்தப் படத்தின் 60-ஆவது ஸ்லைஸும் ஒரே இடம் என்று நினைத்தால் தொலைந்தோம். பழைய புலப்படத்தை வைத்துக்கொண்டு சர்வேயர் எல்லைக்கல் தேடுவாரே, அந்தப் பாடுதான். இங்கே நம்பக்கூடிய கல் என்றால் முலைக்காம்பு, மார்புச்சுவர், சில ரத்தக் குழாய்கள், இடம் தெரிவதற்காகக் கட்டிக்குள் சின்ன உலோகக் கிளிப் வைத்திருந்தால் அது.

கம்ப்யூட்டர் முறைகள் இருக்கின்றன. 1999-இல் டேனியல் ரூக்கர்ட்டும் சகாக்களும் வெளியிட்ட முறை இந்தத் துறையில் பெரிய திருப்பம். படத்தின் மேல் புள்ளிகளால் ஒரு வலை விரித்து, புள்ளிகளைத் தனித்தனியாக இழுத்து, படத்தை நெளித்துப் பொருத்துவது அது. அவர்கள் எடுத்துக்கொண்டதே மார்பக எம்.ஆர்.ஐ.தான்: கட்டி பளிச்சென்று தெரிவதற்காக ஊசியில் கடோலினியம் மருந்து ஏற்றும் முன்னும் பின்னும் எடுக்கும் படங்களுக்கு இடையில் நோயாளி அசைந்துவிடுவதைச் சரிசெய்ய. அதையே மாதக்கணக்கில் இடைவெளி விட்டு எடுத்த படங்களுக்குப் பயன்படுத்தும்போது ஒரு வில்லங்கம் வருகிறது. இரண்டு படத்தையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும் என்பதுதான் மென்பொருளுக்குத் தெரியும். கட்டி நிஜமாகவே சுருங்கியிருந்தால், அதையும் அசைவு என்று எடுத்துக்கொண்டு பழைய அளவுக்கு இழுத்துவிடும். எதைப் பார்க்க வந்தோமோ அதுவே காணாமல் போய்விடும்! அதனால்தான் கட்டியின் கனஅளவை மாற்றாமல், சுற்றியுள்ள திசுவை வைத்துப் பொருத்தும் முறைகள் பின்னால் வந்தன. ஒப்பீட்டு மென்பொருள் விற்க வருகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அவர் முகம் போகிற போக்கில் பாதி தெரிந்துவிடும்.

நீளத்தை அளந்தால் போதாதா என்று கேட்கலாம். கட்டி சிகிச்சைக்கு மசிகிறதா என்று மதிப்பிடும் ரெசிஸ்ட் அளவுகோலில் நீண்ட விட்டம் 30% குறைந்தால் ஓரளவு பலன் என்று கணக்கு. 5 செ.மீ. உருண்டை 3.5 ஆனால் கனஅளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். ஆனால் எல்லாக் கட்டியும் உருண்டையாகச் சுருங்குவதில்லையே. சில கட்டிகள் நடுநடுவே கரைந்து தீவு தீவாக நிற்கும். இரண்டு ஓரமும் இருந்த இடத்தில் இருக்கும், உள்ளே பெரும்பகுதி காலி. நீளம் மட்டும் எழுதிய ரிப்போர்ட் அதை "மாற்றமில்லை" என்றே சொல்லும். ஆபரேஷனுக்கு முன் கீமோ எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஐ-ஸ்பை ஆய்வில் இருந்து 2012-இல் வெளியான முடிவில், கையால் சோதித்துப் பார்ப்பதைவிட எம்.ஆர்.ஐ. அளவுகள், அதிலும் கனஅளவு, மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே நன்றாகக் காட்டின.

இதெல்லாம் நடக்க முதல் படம் கையில் இருக்க வேண்டும். என் மைனிக்கு அது இல்லாமல் போனது. முதல் ஸ்கேன் நம் மாவட்டத்து மையம் ஒன்றில், சிகிச்சை திருவனந்தபுரத்தில். பெரிய கவரில் இருந்து பிலிமை எடுத்து நீட்டினால், டாக்டர் வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, "சிடி உண்டோ?" என்றார். இருந்தது. அதைத் திறந்தால் திரையில் இருந்து பிடித்த கொஞ்சம் ஜேபெக் படங்கள், அம்புக்குறியெல்லாம் போட்டு. முழு டைக்காம் டேட்டா (மெஷின் எடுத்த அசல் படக் கோப்புகள்) கேட்டு மையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "மூணு மாசம் ஆச்சுல்லா அண்ணா, மெஷின்ல இருந்து அழிச்சிருப்பாங்க." ஆபரேஷனுக்கு முந்தைய கீமோ முடியவே பொதுவாக அதைவிடக் கூடுதல் காலம் ஆகும். ஒப்பிட வேண்டிய நேரம் வரும் முன்பே ஒப்பிட வேண்டியதை அழித்துவிடுகிறீர்கள்.

உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. ஸ்கேனுக்கு வருகிறவர் உள்நோயாளி இல்லை என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுங்கள், ஆனால் படத்தை வைத்துக்கொண்டு வாதாடுங்கள். உங்கள் மெஷினின் விலைக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் விலை ஒன்றுமே இல்லை.

புற்றுநோய் என்று சீட்டில் எழுதியிருந்தால், கேட்காமலே முழு டேட்டாவையும் கொடுங்கள். கடோலினியம் ஏற்றும் முன் எடுத்தது, ஏற்றிய பின் எடுத்த எல்லாக் கட்டமும், திசுவுக்குள் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படங்களும். ஒரு பெண்டிரைவில் தாராளமாக அடங்கும் (சிடி போடும் லேப்டாப் இப்போது யார் வீட்டில் இருக்கிறது?). இரண்டாம் முறை வருகிறவருக்கு முதல் முறை போட்ட அதே புரோட்டோகாலை (ஸ்கேன் எடுக்கும் செட்டிங்), அதே ஸ்லைஸ் தடிமனில் போடுங்கள். காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள மெஷினில் தொடங்கியவரை முடிந்தவரை 3 டெஸ்லாவுக்கு மாற்றாதீர்கள். ஒரே ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் புது ஐ.டி. போட்டால் சர்வரில் அவர் மூன்று பேர் ஆகிவிடுகிறார். ரிப்போர்ட் எழுதும் டாக்டர்கள் எந்தத் தேதிப் படத்தோடு ஒப்பிட்டோம், கட்டியின் நீளம், அகலம், உயரம் என்ன என்று ஒரு வரி சேர்த்தால் சர்ஜனுக்குப் பெரிய உதவி. அதிலும் கடைசி ஸ்கேனில் கட்டியே தெரியாமல் போய்விட்டால், எந்த இடத்தை எடுப்பது என்று அவருக்குச் சொல்லப்போவது முதல் படமும் கிளிப்பும்தான்.

அப்பாயின்ட்மென்ட் கேட்டு போன் வரும்போது சாப்பாடு, மெட்டல், கிட்னி பற்றியெல்லாம் கேட்கிறீர்கள். அதோடு, "முன்னாடி எடுத்த ஸ்கேன் இருக்கா? இருந்தா கொண்டு வாங்க" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தக்கலைக்காரன் ஒருவன்