ரிப்பன் கட்டிய வீரனைத் தமிழில் போடுங்கள்: காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் காமிக்ஸ் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் மதுரைக்காரி. உங்கள் பழைய வாசகிதான், ஆனால் உங்கள் கணக்கில் வந்திருக்கமாட்டேன். எண்பதுகளில் எங்கள் வீட்டில் காமிக்ஸுக்குக் காசு கொடுத்தது அண்ணன். வாசகர் கடிதம் எழுதிப் போட்டதும் அவன்தான். மத்தியானம் அவன் அசந்து தூங்கும்போது புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு, முனை மடங்காமல் அதே தலையணைக்கடியில் திரும்ப வைத்தவள் நான். இரும்புக்கை மாயாவியும் மாடஸ்டியும் எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம் என் மகள். ஒன்பது வயது. போன புத்தகத் திருவிழாவில் ஒரு கடையில் நின்று, "இவளுக்குப் பிடிக்கிற மாதிரி காமிக்ஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைங்க காமிக்ஸ் படிக்கறதில்லையேம்மா, கலரிங் புக் வேணா தரட்டுமா?" என்றார் கடைக்காரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மேசையில் இருந்ததைப் பார்த்துச் சொன்னார். மேசை முழுக்கக் குதிரையும் துப்பாக்கியும் தொப்பியும்தான். நான் அண்ணனுக்குத் தெரியாமல் படித்த கதை அவருக்கு எப்படித் தெரியும்?

ஜப்பானில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சிறுமிகளுக்கென்று தனிப் பத்திரிகை நடத்துவது அங்கே நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். 1950களின் நடுவில் தொடங்கிய 'நகயோஷி'யும் 'ரிபோன்'னும் இன்றைக்கும் மாதாமாதம் வருகின்றன. தடித்தடி இதழ்கள், கூடவே பை, பேனா என்று இலவச இணைப்பு வேறு. (இலவச இணைப்பை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

கோதான்ஷா நிறுவனத்தின் 'ஷோஜோ கிளப்' பத்திரிகையில் 1953 ஜனவரியில் காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசுகா ஒரு தொடர் ஆரம்பித்தார். பெயர் 'ரிபோன் நோ கிஷி'. ரிப்பன் கட்டிய வீரன் என்று சொல்லலாம். அதே கதையை 1963இல் 'நகயோஷி'யில் புதிதாக வரைந்தார். 1967இல் அது டிவி தொடராகவும் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு பாகமாக வந்த புத்தகம்தான் எங்கள் வீட்டில் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் நான் அதைப் பார்த்துத் தமிழில் சொல்லுவேன், மகள் படத்தைப் பார்ப்பாள்.

ஆரம்பமே சொர்க்கத்தில். பிறக்கப்போகும் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆணுக்கு நீல இதயம், பெண்ணுக்குச் சிவப்பு இதயம். டிங்க் என்ற வாண்டுத் தேவதை விளையாட்டாக ஒரு குழந்தைக்கு நீலத்தை ஊட்டிவிடுகிறான். கடவுள் அதே குழந்தைக்குச் சிவப்பையும் கொடுத்துவிடுகிறார். இரண்டு இதயத்தோடு வெள்ளிநாட்டு அரண்மனையில் பிறக்கிறாள் சஃபயர். பெண் அரசாள முடியாது என்பது அந்த நாட்டுச் சட்டம், அதனால் ஊருக்கு அவள் இளவரசன். சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் டியூக் துராலுமின், குட்டை உடைக்க சமயம் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஒரு திருவிழா இரவில் சஃபயர் பொன்னிறக் கூந்தல் டோப்பா ஒன்றை மாட்டிக்கொண்டு, கவுன் போட்டு, தங்கநாட்டு இளவரசன் ஃபிரான்ஸோடு ஆடுகிறாள். அவன் அந்தப் பொன்கூந்தல் பெண்ணைத் தேடி அலைகிறான். தினமும் எதிரே வந்து வாள் பிடிக்கும் ஆள் அவள்தான் என்று அவனுக்குத் தெரியாது.

சிண்ட்ரெல்லா சாயல் இருக்கிறதல்லவா? ஆனால் இங்கே தொலைந்தது செருப்பு இல்லை, ஆளே. அம்புலிமாமா காலத்திலிருந்து நம் ராஜா ராணிக் கதைகளில் இளவரசி பெரும்பாலும் பரிசு. பூதத்தைக் கொன்றவனுக்குப் பாதி ராஜ்யமும் பெண்ணும். பாதி ராஜ்யம் எங்கே இருக்கிறது என்றாவது சொல்லுவார்கள், பெண்ணுக்குப் பெயர்கூட இருக்காது.

தெசுகாவுக்கு இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. அவர் வளர்ந்த ஊர் தகராசுகா. 1914 முதல் மேடையேறிவரும் தகராசுகா நாடகக்குழுவில் நடிப்பவர்கள் எல்லோரும் பெண்கள், ராஜா வேஷமும் அவர்களே. அம்மா கூட்டிப்போய்க் காட்டிய அந்த மேடைதான் பிற்பாடு காகிதத்துக்கு வந்தது. பையன்களே பெண் வேஷமும் கட்டிய நம் பாய்ஸ் கம்பெனி நாடகங்களுக்கு நேர்தலைகீழ். நம் ஊரிலும் கும்பகோணம் பாலாமணி பெண்களை மட்டும் வைத்தே கம்பெனி நடத்தியிருக்கிறார், ஆண் வேஷம் உட்பட. அதைப் பார்த்து வளர்ந்த ஒரு பையன் நமக்குக் கார்ட்டூனிஸ்டாகக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நீல இதயம் போனால் சஃபயருக்கு வாள் வீசும் பலமும் போய்விடும் என்கிறது கதை. அந்த இடத்தில் மகள் புத்தகத்தை மூடிவிட்டாள். "அப்ப கத்தி சண்டை பசங்க மனசுல மட்டுந்தான் இருக்குமா?" என்றாள். சரியான கேள்வி. 1953இல் எழுதியது என்று சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, மதுரையில் உட்கார்ந்துகொண்டு நான் ஜப்பானைக் குறை சொல்கிறேன் என்று. ஆண்பிள்ளைக்கு வேள்வி செய்த பாண்டியனுக்கு மூன்று தனங்களோடு பெண் பிறக்கிறாள், மகனைப் போலவே வளர்த்து முடிசூட்டுகிறான், அவள் எட்டுத் திக்கும் ஜெயித்துக் கயிலாயம் வரை போகிறாள். அங்கே சிவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைகிறது, நாணம் வருகிறது, வில் கையை விட்டு நழுவுகிறது. தடாதகைப் பிராட்டி, அதாவது நம் மீனாட்சியின் கதைக்கும் சஃபயர் கதைக்கும் இடையில் கடல் மட்டும்தான். சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், மறுநாள் திக்விஜயம், அதற்கு மறுநாள் கல்யாணம். வருடாவருடம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு பார்க்கிறோம். ஆக, "நம்ம பிள்ளைகளுக்கு இது ஒட்டாது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். இரண்டிலும் முடிவு பிடிக்கவில்லை என்றாள், ஆனால் புத்தகத்தைத் திரும்பத் திறந்தாள். சூனியக்காரியின் மகள் எகேட் வரும் பக்கங்கள் அவளுக்கு உயிர். மகளை அடக்க ஒடுக்கமாக்க சஃபயரின் பெண் இதயத்தைப் பறித்து அவளுக்குக் கொடுக்கப் பார்க்கிறாள் தாய்க்காரி. எகேட் வேண்டவே வேண்டாம் என்கிறாள்.

இனி உங்கள் தொழிலுக்கு வருகிறேன். இந்தக் கதையை வாங்கினால் ஆங்கிலம் வழியாக வேண்டாம், ஜப்பானிய மூலத்திலிருந்தே நேராகத் தமிழுக்கு வாங்குங்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படம் முழுக்கச் சத்தம் எழுதியிருக்கும் எழுத்து இது. நெஞ்சு அடித்துக்கொண்டால் 'தொகிதொகி', நகை மின்னினால் 'கிராகிரா', மெத்தை போல மெதுவாக இருந்தால் 'ஃபுவாஃபுவா'. ஆங்கிலத்தில் இவற்றுக்கு நேர்ச்சொல் தேடித் திண்டாடுகிறார்கள். நமக்கு என்ன கஷ்டம்? படபட, பளபள, புசுபுசு. இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்திசையா என்று தொல்காப்பியர் விதியே எழுதி வைத்துவிட்டார். ஒரு பக்கத்தை ஆங்கிலத்திலிருந்து சொல்லும்போது நான் தடுமாறுவேன், கிராகிரா என்று ஓரத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் தமிழ் தானாக வரும்.

பலூன்தான் தொல்லை. அங்கே காமிக்ஸில் மேலிருந்து கீழே எழுதுவார்கள், அதனால் பலூன் ஒல்லியாக உயரமாக இருக்கும். அதற்குள் "போய்க்கொண்டிருக்கிறேன்" என்று அடைத்தால் மூன்று வரியாக உடையும், இல்லாவிட்டால் எழுத்து எறும்பாகிவிடும். "போறேன்" என்று எழுதுங்கள். இளவரசி செந்தமிழில்தான் பேச வேண்டும் என்று யாரும் கேஸ் போடமாட்டார்கள். படத்தைத் திருப்பிப்போட்டு அச்சடிக்கவும் வேண்டாம். வலமிருந்து இடமாகப் படிக்கும் பக்கத்தைக் கண்ணாடிபோல் புரட்டினால் அரண்மனையில் எல்லோருக்கும் வாள் இடது கைக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டால் போதும், பத்து நிமிடத்தில் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். நாம்தான் இரண்டு நாள் திணறுவோம்.

ஒரு வசதியும் உண்டு. அங்கே சிறுவர் மங்காவில் (காமிக்ஸுக்கு அங்கே அதுதான் பெயர்) கடினமான சித்திர எழுத்துக்குப் பக்கத்தில் எல்லாம் பொடி எழுத்தில் உச்சரிப்பு அச்சடித்தாக வேண்டும். நமக்கு அந்த வேலை மிச்சம். எழுத்துக் கூட்டத் தெரிந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளை நேராகப் படித்துவிடும்.

மொழிபெயர்க்க ஆள் எங்கே என்று கேட்பீர்கள். சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகை என்ற அமைப்பு பல வருடங்களாக ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறது. படித்துவிட்டுக் கார் கம்பெனிக் காகிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்காவது ராஜகுமாரி கதை பிடிக்காமலா போகும்?

இளவரசி என்றால் டிஸ்னி இருக்கிறதே என்றும் தோன்றலாம். 2005இல் 'நகயோஷி'யிலேயே அந்த இளவரசிகளை வைத்து 'கிலாலா பிரின்சஸ்' என்று ஒரு தொடர் வந்தது. படம் அழகுதான். ஆனால் ஸ்னோ ஒயிட் ஏற்கெனவே என் மகளின் டிபன் பாக்ஸில், தண்ணீர் பாட்டிலில், குடையில் இருக்கிறாள். நான் கேட்பது அவளை இல்லை.

கெட்டி அட்டை, வழுவழு காகிதம், ஆயிரம் ரூபாய் விலை என்று சேகரிப்பவர்களுக்காகப் போட்டுவிடாதீர்கள். கறுப்பு வெள்ளை போதும். மாதம் ஒரு மெல்லிய புத்தகம், கடைசிப் பக்கத்தில் 'தொடரும்'. பிள்ளைகள் பையில் திணித்துக் கசக்கிப் படிக்கிற மாதிரி இருக்கட்டும்.

முதல் பத்துப் பக்கத்துக்குப் பலூன் வசனமும் சத்தங்களும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன், காசு வேண்டாம். ஒரே ஒரு சத்தம்தான் இன்னும் முடிவாகவில்லை. மங்காவில் யாருமே பேசாத அமைதிக்கும் ஒரு சத்தம் எழுதுவார்கள், 'ஷீன்' என்று. நான் 'கப்சிப்' என்று எழுதினேன். மகள் அதை அடித்துவிட்டு 'கம்ம்ம்' என்று எழுதியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தலையணைக்கடியில் திரும்ப வைத்த வாசகி,
மதுரை