பாரிஷ் கவுன்சிலையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் சர்ரே கவுண்டியில் 11 மாவட்ட கவுன்சில்களும் கவுண்டி கவுன்சிலும் போய், 2027 ஏப்ரலில் கிழக்கு சர்ரே, மேற்கு சர்ரே என்று இரண்டே கவுன்சில்கள் வரப்போவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். செலவு மிச்சமாகும் என்கிற வாதம் அதில் விரிவாக வந்திருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் கீழே, ஓர் ஊருக்கென்றே இருக்கும் உள்ளூர்ச் சபையான பாரிஷ் கவுன்சிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

நான் 12 ஆண்டுகளாக கிரான்லியில் இருக்கிறேன். இங்கிலாந்தின் மிகப் பெரிய கிராமம் எங்களுடையதுதான் என்று சொல்லிக்கொள்ளும் ஊர்களில் இதுவும் ஒன்று. 11,000 பேருக்கு மேல் வசிக்கிறோம். இங்கிலாந்தின் முதல் கிராம மருத்துவமனை 1859இல் இங்கேதான் தொடங்கியது. 1865இல் வந்த ரயில் 1965இல் நின்றுபோனது. அந்தத் தடத்தில்தான் இப்போது நாங்கள் நடக்கிறோம், சைக்கிள் ஓட்டுகிறோம். ஒரு பாரிஷ் கவுன்சில் தீர்மானம் போட்டால் தன்னை டவுன் கவுன்சில் என்று அழைத்துக்கொள்ளலாம், தலைவர் மேயராகிவிடுவார். அதனால் அதிகாரம் ஒன்றும் அதிகமாகிவிடாது. கிரான்லி கிராமமாகவே இருக்கிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இப்போது குப்பை எடுப்பதும் கட்டட அனுமதியும் வேவர்லி பரோ கவுன்சில் கையில். சாலையும் பள்ளிகளும் கவுண்டி கையில். இரண்டும் மேற்கு சர்ரே கவுன்சிலுக்குப் போகும். ஹீத்ரோ பக்கத்து ஸ்டெயின்ஸும், வோக்கிங்கும், கில்ட்ஃபோர்டும், எங்கள் கிராமமும் அப்புறம் ஒரே கவுன்சிலின் கீழ். இந்தத் தெருவில் மழைத்தண்ணீர் எங்கே தேங்கும் என்று அவ்வளவு பெரிய சபையில் யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்தவர்கள் பாரிஷ் கவுன்சிலில்தான் இருப்பார்கள்.

1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்தச் சபையைச் சும்மா பூங்காவையும் தோட்ட நிலங்களையும் பார்த்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் உண்டு. வீடு கட்டும் விண்ணப்பங்களில் அது கருத்துத்தான் சொல்ல முடியும், முடிவு மேலே என்பதும் உண்மை. ஆனால் 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊருக்கென்று ஒரு வளர்ச்சித் திட்டத்தை அதுவே எழுதலாம். ஊர் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டால், கட்டட அனுமதி தருபவர்கள் அதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். அப்படியொரு திட்டம் இருக்கும் ஊருக்கு, புதுக் கட்டடங்கள் மீது வாங்கும் உள்கட்டமைப்பு வரியில் 25 சதவீதம் வரும்; இல்லாத ஊருக்கு 15 சதவீதம். கடந்த பத்தாண்டுகளில் நூற்றுக்கணக்கான புது வீடுகள் எழும்பிய கிரான்லி போன்ற ஊருக்கு இது சின்ன விஷயமா?

இவ்வளவும் இருந்தும், நாட்டில் பல பாரிஷ் கவுன்சில்களில் தேர்தலே நடப்பதில்லை. இடங்களுக்கு மேல் ஆள் நிற்காததால் போட்டியின்றித் தேர்வாகிவிடுகிறார்கள். நம்மவர்கள் எத்தனை பேருக்கு, விசாவில் இருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம் என்பது தெரியும்? நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். 18 வயதாகியிருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். டெபாசிட் கிடையாது. நிற்க விருப்பமில்லையா, சரி, மார்ச் முதல் மே வரைக்குள் நடக்கும் வருடாந்தர ஊர்க் கூட்டத்துக்காவது போகலாம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் தாங்களாகவே ஒரு கூட்டம் கூட்டவும் சட்டத்தில் இடமுண்டு.

புதிய கவுன்சில்கள் பொறுப்பேற்பதற்குள் இந்த விதிகளை ஒரு பக்கக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன். எழுத ஆள் கிடைக்கவில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கிரான்லி, சர்ரே.