நட்டுவனாருக்கு வகுப்பறையில் இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டில் நாட்டியப் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பரதநாட்டியத்தில் பட்டம் பெற்று, இப்போது கல்லூரி மாணவிகளுக்கு அதையே சொல்லிக்கொடுப்பவள் நான். நாட்டியத்துக்குப் பல்கலைக்கழகத்தில் தனித் துறை இருப்பதே பெரிய விஷயம் என்று நம்புகிறவள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். இந்தக் கலை கோயிலில் ஆடிய தேவதாசிகளிடமிருந்தும், தாளம் போட்டு ஆட்டத்தை நடத்திய நட்டுவனார்களிடமிருந்தும் நமக்கு வந்தது. அவர்களை நம் படிப்புக்குள் காணவில்லை. பாடத்திலும் இல்லை, பாடம் நடத்துகிறவர்களிலும் இல்லை.

முதலில் பாடத்தைச் சொல்கிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தஞ்சை அரண்மனையின் நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வர் யார் என்று கேட்டால் எங்கள் மாணவிகள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று தயங்காமல் சொல்வார்கள். அலாரிப்பு தொடங்கித் தில்லானா வரை கச்சேரியை ஒழுங்குபடுத்தியவர்கள் என்றும் எழுதுவார்கள். நான் பார்த்த பாடத்திட்டங்களில், அங்கிருந்து ஒரே தாவாக 1930களுக்கு வந்துவிடுகிறோம். தேவதாசிகள் ஆடிய சதிர் பரதநாட்டியம் ஆனது, ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரா நாட்டியப் பள்ளி 1936இல் தொடங்கியது, முடிந்தது வரலாறு. இடையில் ஆடியவர்கள் எங்கே? மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர்; நடனமேதை பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். அவர் பெயரைக் கேள்விப்படாமலே ஒருத்தி முதுகலை முடித்துவிட முடிகிறது.

1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் இரண்டு மதிப்பெண் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. அதைப் பற்றி எவ்வளவு பேச இருக்கிறது! சட்டத்துக்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்து வந்து, அதை ஒழிக்கவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். அதே சமயம், பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் இந்த முயற்சியைக் கடுமையாக எதிர்த்தார். ஒரே சமூகத்துப் பெண்கள், நேர் எதிரான நிலைப்பாடுகள். இரு தரப்பு வாதங்களையும் மாணவிகள் படிக்கட்டும், சண்டை போடட்டும். பெண்களைக் கோயிலுக்கு அர்ப்பணிக்கும் பொட்டுக்கட்டும் வழக்கம் ஒழிந்தது சரிதான் என்பது என் கருத்து. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து அந்தப் பெண்களின் புலமையையும் மேடையிலிருந்து இறக்கிவிட்டோமே, அதைப் பற்றி வகுப்பில் வாய் திறக்காமல் பரதம் சொல்லிக்கொடுப்பது நியாயமாகப் படவில்லை.

அப்புறம் ஆசிரியர்கள் விஷயம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், குடியிருந்த தெருவும் வீடும்கூட இருக்கின்றன. ஊதிய நெல்லில் ஆடியவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு. இன்றைக்கு நட்டுவனார் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலிருந்து தாளம் தட்டும் தட்டுக்கழி பிடித்த ஒருவர் நம் கல்லூரிக்கு வந்தால், முதலில் ‘நெட்’ தகுதித் தேர்வு பாஸா, பிஎச்.டி. இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். இல்லையென்றால் ஒருநாள் பயிலரங்கு, ஒரு பொன்னாடை, குரூப் போட்டோ. மறுநாள் அவர் ஊருக்குப் போய்விடுவார். அவர் சொன்ன தீர்மானத்தை, அதாவது ஜதியை முடிக்கும் சொற்கட்டுக் கோவையை, மாணவிகள் போனில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதை எப்படிக் கட்டினார், நடை மாறும் இடத்தில் ஆடுகிறவளின் மூச்சை எப்படிக் கணக்கு வைக்கிறார் என்று கேட்க நேரம் இருந்திருக்காது. அதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து மாதக்கணக்கில் கற்கவேண்டியவை.

‘விதி இடம் கொடுக்கவில்லை’ என்று சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவே வழி திறந்துவிட்டது. தன் துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ள தேர்ந்தவர்களைப் பட்டம் பார்க்காமல் ‘நடைமுறைப் பேராசிரியர்’ ஆக நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதம் வரை. பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் மட்டும் வந்த வழி இல்லை இது, கலைகளுக்கும் உண்டு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் பாலசரஸ்வதியை அழைத்துப் பாடம் நடத்தச் சொன்னபோது கல்லூரிப் பட்டம் பார்த்து அழைக்கவில்லை. அவர் பிறந்து வளர்ந்த சென்னைக்கு இது ஏன் இன்னும் சிரமமாக இருக்கிறது?

ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவடி படிக்கவும், ஒப்பிட்டு எழுதவும், கேள்வி கேட்கவும் அந்தப் பயிற்சி கட்டாயம் தேவை. நட்டுவனாரும் ஆய்வாளரும் ஒரே பாடத்தைச் சேர்ந்து நடத்தட்டும். தெருக்கூத்து வாத்தியார்களுக்கும் இதே கதவு திறக்கவேண்டும். புரிசை கிராமத்தின், வட ஆற்காட்டின் கூத்து மரபில் அடவும் சுழன்றாடும் ஆட்டமும் எத்தனை நுட்பமானவை என்று நம் மாணவிகளுக்குத் தெரியவே தெரியாது.

அடுத்த கல்வியாண்டுக்கான பணியிட அறிவிப்பில், நாட்டியத் துறைக்கு ஒரு நடைமுறைப் பேராசிரியர் இடத்தையாவது சேருங்கள். சிறப்பு விருந்தினருக்குத் தரும் மதிப்பூதியமாக இல்லாமல், மாதச் சம்பளத்தோடு, தேர்வு மதிப்பெண் போடும் அதிகாரத்தோடு. அறிவிப்பை ஆங்கில நாளிதழில் மட்டும் போடாமல் தமிழிலும் போடுங்கள். விண்ணப்பமும் தமிழில் இருக்கட்டும். தகுதியானவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதை என்னைப் போன்ற ஆசிரியைகள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு நாட்டிய ஆசிரியை