43 வரியும் போச்சுடா

அன்புள்ள முரளி,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டுவதை நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது. தாடி போன வாரம் வந்தான், உன்னிடம் வாங்கிய பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். மளிகை மொத்த வியாபாரிக்கு ஒரு பில்லிங் எழுதினேனே, டேட்டாபேஸிடம் பேசும் எஸ்கியூஎல்லைக் கையால் எழுதச் சோம்பல்பட்டு, அதைத் தானே எழுதித்தரும் ஹைபர்நேட் போடுகிறான் என்று நீ ஊரெல்லாம் சொன்னாயே, அதேதான். அதில் ஆர்டர் அப்பன், ஐட்டங்கள் பிள்ளைகள். சனிக்கிழமை ராத்திரி கடைப் பையன் 43 வரி இருந்த ஓர் ஆர்டரில் துவரம்பருப்பை மட்டும் நீக்கியிருக்கிறான். பருப்பு போயிற்று, ஆர்டர் போயிற்று, மிச்சம் 42 வரியும் போயிற்று. எரர் கிரர் எதுவும் இல்லை, சத்தமே இல்லாமல்.

சிரிக்காதே. ஆர்டரில் ஒன்-டு-மெனி மேல், அதாவது அப்பனிலிருந்து பிள்ளைகளுக்குப் போகும் உறவின் மேல், கேஸ்கேட் ஆல் போட்டது சரிதான், இவனுக்குச் செய்வதையெல்லாம் அந்தப் பக்கமும் செய் என்று அர்த்தம், அப்பன் போனால் பிள்ளைகளும் போக வேண்டும். அதையே காப்பியடித்து ஐட்டத்திலிருந்து அப்பனுக்குப் போகும் மெனி-டு-ஒன் மேலும் ஒட்டிவைத்திருக்கிறேன். ஆல் என்றால் ரிமூவும், அதாவது அழிப்பதும், சேர்த்தி. பருப்பை அழிக்கப் போனது அப்பனையும் அழி என்று மேலே ஏறி, அங்கிருந்து மற்ற பிள்ளைகள் மேல் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் முறைப்படி அழித்ததால் பிள்ளையிடம் அப்பனின் ஐடியாக இருந்து அப்பனை மட்டும் தனியே அழிக்க விடாத ஃபாரின் கீயும் தடுக்கவில்லை. டெஸ்ட் எழுதவில்லையா என்று கேட்பாய். எழுதினேன்டா, நீக்கிய வரி டேபிளில் இல்லை என்பதைச் சோதித்தேன். இல்லைதானே!

சரி என்று அந்தக் கேஸ்கேடை எடுத்தால் நேர்மாறான கூத்து, நீக்கினாலும் வரி போகவில்லை. ஆர்டரின் லிஸ்ட் ஏற்கெனவே மெமரியில் இருந்தது, பருப்பும் இன்னும் அதிலேயே உட்கார்ந்திருந்தது, மாற்றங்கள் டேட்டாபேஸுக்குப் போகும் ஃபிளஷின்போது, ஆலில் அடங்கிய பெர்சிஸ்ட் (சேமி) கேஸ்கேட் அதைத் திரும்பக் காப்பாற்றிவிடுகிறது. கடைசியில் ஆர்ஃபன் ரிமூவலைப் போட்டு, லிஸ்டிலிருந்து எடுத்தால்தான் அழியும் என்று வைத்தேன். சேர்ப்பதற்கும் ஒரே ஒரு மெத்தட், அது லிஸ்டிலும் போடும், ஐட்டத்திடம் உன் அப்பன் இவர் என்றும் சொல்லும். உறவு பிள்ளையின் கையில் என்று சொல்லும் மேப்டு-பை போட்டபின் ஆர்டர் தன் லிஸ்டில் ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டாலும் டேட்டாபேஸ் கண்டுகொள்ளாது, பிள்ளை வாயால் சொன்னால்தான் உறவு. கீ யார் சட்டைப்பையில் இருக்கிறது என்று பார் என்பாயே, அன்றைக்கு உனக்கு டீ வாங்கிக் கொடுத்ததற்குப் பதில் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

கடைக்காரர் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. துண்டுச்சீட்டை எடுத்துவைத்து மிச்சம் 42 வரியையும் தானே திரும்ப அடித்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நீக்கும் அந்தப் பொத்தானைத் தீபாவளிக்கு முன்பே சேர்த்துவிட்டேன். பழக்கதோஷத்தில் பாதிப் பேர் இன்னும் அளவைச் சைபராக்கித்தான் ஒப்பேற்றுகிறார்கள், ஆனால் எல்லோரும் இல்லை. இதற்கு முன் எத்தனை ஆர்டர் இப்படிக் காணாமல் போனதோ? ஐடி எண்களில் ஓட்டைகள் இருக்கின்றன, எண்ணியும் பார்த்தேன், பிரயோசனமில்லை. ஐடி எண் தரும் சீக்வென்ஸிலிருந்து ஹைபர்நேட் ஐம்பது ஐம்பதாக எடுக்கிறது, சர்வரை நிறுத்திப் போட்டாலே மீதி எண்கள் வீண். எந்த ஓட்டை ஆர்டர், எந்த ஓட்டை வெறும் ஓட்டை என்று தெரியவில்லை. அவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

ராத்திரி பேக்கப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொரு நாளையும் மறுநாளோடு ஒப்பிட்டு, முதல் நாள் இருந்து அடுத்த நாள் இல்லாத ஆர்டர்களைப் பிடிக்க வேண்டும், அன்றன்றே வந்து அன்றன்றே அழிந்ததற்குச் சீட்டுதான் கதி. இதற்கு ஹைபர்நேட் உதவாது, உன் கை எஸ்கியூஎல்தான் வேண்டும். ஞாயிறு காலை பஸ்ஸைப் பிடி. எத்தனை என்று தெரிந்ததும் அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன், நீயும் கூட வா.

உன்,
குமார்